செல்லும் என்று சொன்னவள்

தெரு முழுக்க அவளுக்குச் செல்லுமக்கா என்றுதான் பெயர். கடைக்கு வருகிறவர்கள் போன் திரையை நீட்டி, "அக்கா, இது செல்லுமா?" என்று கேட்பார்கள். அவள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "செல்லும்" என்பாள். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வரும். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக், கேலிப் பேர்வழி. "என் பொண்டாட்டி சொன்னா செல்லாக் காசும் செல்லும். இந்த வீட்டுல செல்லாதவன் நான் ஒருத்தன்தான்" என்று கடை வாசலில் நின்று சொல்வார். அவளும் சிரிப்பாள்.

போனிலும் கணினியிலும் ஆவணம் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் கடை அது, பத்தடிக்குப் பன்னிரண்டடி. பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் இருந்தது. இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், விரல் ரேகை பதிக்கும் சின்னக் கருவி, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. இரண்டு வீடு தள்ளி ஒரு நோட்டரி வக்கீலின் அலுவலகம். கடை போடுவதற்கு முன் பன்னிரண்டு வருடம் அவள் அங்கேதான் டைப்பிஸ்டாக இருந்தாள்.

நோட்டரி நிதானமானவர். யார் என்ன காகிதம் கொண்டுவந்தாலும், "படிச்சுட்டுச் சொல்றேன், நாளைக்கு வாங்க" என்பார். நாளைக்கு வந்தால், "ஒரு சந்தேகம் இருக்கு, நாளைக்கழிச்சு வாங்க" என்பார். இவளுக்கு அது பொறுக்காது. பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விடும் சனத்தைப் பார்த்து, "ஆமை கூட இவருகிட்ட நடை கத்துக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே டைப் அடிப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் மாநிலத்தில் புதுச் சட்டம் வந்தது. மின்வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எந்த ஆவணத்தையும் தள்ளக் கூடாது. ஆள் இன்னார் என்று உறுதி செய்துகொண்டு போனில் போடும் கையெழுத்தும் மையால் போட்ட கையெழுத்தும் ஒன்றுதான் என்றது சட்டம். மாவட்ட அலுவலகத்தில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். இவள் விடுப்பு போட்டுவிட்டுப் போனாள். மதியம் வரை முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். மதியத்துக்கு மேல் மகளைப் பள்ளியிலிருந்து கூப்பிட்டு வர வேண்டியிருந்ததால் பாதியில் எழுந்து வந்துவிட்டாள். இருபத்து நான்கு பக்கக் கையேடு ஒன்று கொடுத்திருந்தார்கள். அதைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு வந்து, மறுமாதமே நோட்டரியிடம் வேலையை விட்டாள்.

"கையெழுத்துன்னா கை எழுதணும்மா" என்றார் அவர்.

அவருக்கு வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் மூன்று நான்கு வருடம் அவள் தொட்டதெல்லாம் துலங்கியது. கப்பலில் வேலை பார்க்கிறவன் நடுக்கடலிலிருந்து வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான். இரண்டு கையும் முறிந்து மாவுக்கட்டோடு கிடந்த பெண், முகத்தைக் காட்டியே காப்பீட்டுப் படிவத்தை முடித்தாள். ஒரு தடவை வங்கி அதிகாரி ஒருவர், "இந்தப் போன் கையெழுத்தெல்லாம் இங்க எடுபடாது" என்று ஒரு கிழவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். செல்லுமக்கா கடையைச் சாத்திவிட்டு, கையேட்டைத் தூக்கிக்கொண்டு நேரே வங்கிக்குப் போனாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்கும்படி நான்காம் பக்கத்தை உரக்கப் படித்தாள். அதிகாரி படிவத்தை வாங்கினார். அந்தக் கதை ஒரு வாரம் தெருவில் ஓடியது.

அந்த நாளிலிருந்தே கெட்டது ஒன்று தொடங்கிவிட்டது என்று பின்னால் அவளே சொன்னாள். அதற்கப்புறம் 'தெரியாது' என்ற சொல் அவள் வாயில் வரவேயில்லை.

தெருக்கோடியில் டெலிபோனம்மா வீடு. தொலைபேசி நிலையத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் தனியாக ஒரு சின்ன அறை. எல்லாம் அவர் சம்பாதித்துக் கட்டியது. அந்தப் பின்னறைக்குப் பத்தொன்பது வருடத்துக்கு முன்பு ஒரு பெண் வாடகைக்கு வந்தாள். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. புருஷன் விட்டுப் போனவள், பிள்ளை இல்லை. டெலிபோனம்மா அவளைச் சின்னவ என்று கூப்பிட ஆரம்பித்தார். ஆறே மாதத்தில் வாடகை நின்றது. இரண்டு அடுப்பு ஒன்றானது. டெலிபோனம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதம் படுக்கையில் கிடந்தபோது, குளிப்பாட்டித் தலைவாரி, மலஜலம் எடுத்து, அதற்கப்புறம் வேலைக்கும் ஓடியவள் சின்னவள்தான். இரத்த சொந்தம் என்று பார்த்தால் செத்துப்போன அண்ணனின் மகன் ஒருவன். வேறு ஊரில் டயர் கடை. வருடத்துக்கு ஒரு தரம் பழக்கூடையோடு வந்து, "அத்தை, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, மத்தியான வண்டிக்குத் திரும்பிவிடுவான்.

ஒரு வேலைநாள் காலை பதினொரு மணி இருக்கும். டெலிபோனம்மா கடைக்குப் போன் செய்தார்.

"வீட்டுக்கு வந்து ஒரு வேலை முடிச்சுக் குடுக்கணும். உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா, அழைப்பு மணி வேலை செய்யல."

இருவரும் போனார்கள். டெலிபோனம்மா ஜன்னலோர நாற்காலியில், வீங்கிய காலை முக்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு, குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்தார். பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டம்மா சமையல்கட்டு வாசலில் நின்று அவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் வேலைக்குப் போயிருந்தாள்.

"எனக்கப்புறம் இந்த வீடு சின்னவளுக்குத்தான். அத எழுதி வெச்சுடணும்" என்றார் டெலிபோனம்மா. "ஆபீஸ் மாடிப்படி ஏற என்னால ஆகாது. உயிலும் போன்லயே பண்ணலாமா?"

உயில் என்றதும் மனசில் ஏதோ ஒன்று நெருடியதாம். அதுவரை அவள் ஒரு உயில் கூடச் செய்ததில்லை. கணினியைத் திறந்துகொண்டே, நோட்டரிக்கு ஒரு போன் போட்டுக் கேட்கலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். கணவரும் பக்கத்து வீட்டம்மாவும் எதிரில் நிற்கிறார்கள். விட்டுவந்த முதலாளியிடம் போய், "இது எனக்குத் தெரியல சார்" என்று அவர்கள் காதுபடக் கேட்பதா?

"தாராளமா பண்ணலாம்மா" என்றாள்.

அவர் சொல்லச் சொல்ல டைப் அடித்தாள். பன்னிரண்டு வருடப் பழக்கம், வாசகம் தண்ணீர் பட்ட பாடு. படித்துக் காட்டியதும் டெலிபோனம்மா தலையாட்டினார். பிறகு மடியிலிருந்த பேனாவை எடுத்தார்.

"எதுக்கும் ஒரு பேப்பர்லயும் போட்டுடட்டுமா? இவங்க ரெண்டு பேரும் இருக்காங்க, சாட்சியா போடட்டும். நான் பழைய ஆளு, மையில எழுதினாத்தான் எழுதின மாதிரி இருக்கு."

"அய்யோ, வேண்டாம்மா. ரெண்டும் இருந்தாத்தான் குழப்பம். எது அசல்னு கேள்வி வரும்."

அப்படி ஒரு விதியை அவள் எங்கும் படித்ததில்லை. அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது, சொல்லிவிட்டாள்.

டெலிபோனம்மா பேனாவை மூடினார். போனை முகத்துக்கு நேராகப் பிடித்தார். ஆறு இலக்க ரகசிய எண் வந்தது. அந்த ஆறையும் முப்பத்து நான்கு வருடம் பழகிய குரலில் ஒவ்வொன்றாக, நிறுத்தி, தெளிவாகச் சொன்னார். திரையில் பச்சைக் குறி விழுந்தது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"செல்லும்ல?"

"செல்லும்மா. நிம்மதியா இருங்க."

நிம்மதியாகத்தான் இருந்தார். அன்று சாயங்காலமே சின்னவளிடம் சொல்லிவிட்டார். சின்னவள் ஓடிவந்து செல்லுமக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

ஐந்து மாதம் கழித்து டெலிபோனம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். காரியங்கள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, சின்னவள் அந்த உயிலின் நகலை அண்ணன் மகனிடம் கொடுத்தாள். அவன் வாங்கிப் படித்தான். சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு ஊருக்குப் போனான். இரண்டு வாரத்தில் அவனுடைய வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. மேற்படி ஆவணம் சட்டப்படி உயிலே அல்ல, வீடு வாரிசுக்கு உரியது என்று நாலே வரி.

சின்னவள் சலவைப் பிரிவுச் சீருடையோடு நேரே கடைக்கு வந்தாள்.

"அக்கா, என்னக்கா இது?"

"பயப்படாத. சட்டம் தெரியாம உளறுறாங்க. வங்கிக்காரனுக்குப் படிச்சுக் காட்டின மாதிரி இவனுக்கும் காட்டுறேன் பாரு."

மேசை இழுப்பறையிலிருந்து கையேட்டை எடுத்தாள். புரட்டப் புரட்ட அவளுடைய பென்சில் கோடுகள் வந்தன. ஒன்பதாம் பக்கத்தோடு கோடுகள் நின்றுவிட்டன. அதற்கப்புறம் தாள்களெல்லாம் புத்தம் புதிதாக இருந்தன. சில பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இருபத்து மூன்றாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு பட்டியல். 'பின்வரும் ஆவணங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது.' இரண்டாவது வரியில் உயில் என்று இருந்தது.

அவள் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எதிரே சின்னவள் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன போட்டிருக்குக்கா?"

"நாளைக்கு... நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் கடை திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் திறக்கவில்லை. மூன்றாம் நாள் கணவர், "ஒளிஞ்சுக்கிட்டா பட்டியல்ல இருந்து அந்த வரி அழிஞ்சிடுமா?" என்று கேட்டார். அவர் குரலில் கேலி இல்லை. அதற்கப்புறம்தான் அவள் நோட்டரியின் படியேறினாள்.

நோட்டரி கடிதத்தைப் படித்தார். உயிலைப் படித்தார். கையேட்டின் இருபத்து மூன்றாம் பக்கத்தை அவருக்குக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

"எழுதினப்ப யாரு இருந்தா?"

"எங்க வீட்டுக்காரரு. பக்கத்து வீட்டம்மா."

"பேப்பர், பேனா?"

"அவங்க மடியிலயே இருந்துச்சு சார். போடட்டுமான்னு கேட்டாங்க. நான்தான் வேண்டாம்னேன்."

நோட்டரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்களைக் கசக்கினார்.

"கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கியேம்மா. சாதாப் பேப்பர்ல அவங்க கையெழுத்து, கீழ ரெண்டு சாட்சி. பதிவு கூட வேண்டாம். கால் மணி நேர வேலை." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நான் ரெண்டு வீடு தள்ளித்தானே இருந்தேன்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்றாள் பின்னாளில்.

நோட்டரி வழக்கைத் தானே எடுத்து நடத்தினார். ஜெயிக்காது என்று முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் எடுத்தார். ஒன்பது மாதம் ஓடியது. செல்லுமக்கா சாட்சிக் கூண்டில் ஏறினாள். டெலிபோனம்மா சுயபுத்தியோடுதான் சொன்னார், யாரும் தூண்டவில்லை, பேனாவை எடுத்தவரைத் தடுத்ததே நான்தான் என்று ஒன்று விடாமல் சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை எதுவும் செய்யவில்லை. அவருக்குத் தேவையே இருக்கவில்லை.

நீதிபதி ஒரு பெண். தீர்ப்பு சொல்வதற்கு முன் இவளைப் பார்த்து, "நீங்க சொல்றத நான் நம்புறேன்மா. அவங்க மனசுல என்ன இருந்துச்சுங்கறதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா உயில் எழுதினவங்கள நாளைக்குக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. அதனாலதான் அதுக்கு மட்டும் பேப்பரும் ரெண்டு சாட்சியும் வேணும்னு சட்டம் பிடிவாதமா இருக்கு. அத மீற எனக்கு அதிகாரம் இல்ல" என்றார்.

வெளியே வராந்தாவில் அண்ணன் மகன் நின்றிருந்தான். அவனைக் கண்டபடி திட்ட வேண்டும் என்றுதான் அவள் போனாள். அவனே முந்திக்கொண்டான்.

"அத்தை ஆசை அதுதான்னு எனக்கும் தெரியும்ங்க. ஆனா எனக்கு ரெண்டு பொண்ணு. வாடகை வீடு. சட்டம் குடுக்குறத வேண்டாம்னு சொல்ற அளவுக்கு நான் பெரிய மனுஷன் இல்ல."

மூன்று மாதம் அவகாசம் கொடுத்தான். வேண்டிய சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொன்னான். அவனைக் கெட்டவன் என்று சொல்லவும் அவளுக்கு நாக்கு வரவில்லை. பழி போட ஓர் ஆள் கிடைத்திருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பாள்.

சின்னவள் வீட்டைக் காலி செய்த நாளில் செல்லுமக்கா உதவிக்குப் போனாள். இரண்டு பெட்டி, ஒரு மடக்குக் கட்டில், ஒரு தையல் மிஷின். டெலிபோனம்மாவின் மூக்குக்கண்ணாடியை ஒரு துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள் சின்னவள். கதவைப் பூட்டுவதற்கு முன் அறை அறையாகப் பெருக்கினாள்.

"எங்க வீட்டு மாடியறை சும்மாதான் கிடக்கு. வந்துடு. ஆயுசுக்கும் இரு" என்றாள் செல்லுமக்கா.

"வேண்டாம்க்கா. ஆஸ்பத்திரி குடியிருப்புல ஒரு ரூம் கிடைச்சிருக்கு. மூணு பேரு இருக்காங்க, நான் நாலாவது."

"என்னை நாலு வார்த்தை திட்டிட்டாவது போ."

சின்னவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "திட்டி என்னக்கா ஆகப்போகுது? ஒண்ணுதான் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. அவங்க கேட்டப்ப நீங்க தெரியலன்னு சொல்லியிருந்தா, அவங்க வேற யாரையாவது கேட்டிருப்பாங்க. அவங்களுக்கு நாலு பேர்கிட்ட கேக்குறதுல வெக்கமே கிடையாது."

"மன்னிச்சுடு."

"போதும்க்கா. எத்தனை தரம் சொல்லுவீங்க?"

அவள் குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு கடையின் போக்கே மாறிவிட்டது. யார் எதைக் கொண்டுவந்தாலும் அவள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். சந்தேகம் வந்தால், "கேட்டுட்டுச் சொல்றேன்" என்று நோட்டரியிடம் போய் நின்றாள். வாடிக்கையாளர்களுக்கு அலுத்துப்போனது. அடுத்த தெருவில் இரண்டு பையன்கள் சேர்ந்து புதுக் கடை போட்டார்கள், ஐந்தே நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள். அவள் தடுக்கவில்லை. வீடு, உயில் என்று யாராவது வாயெடுத்தால் மட்டும், கையைப் பிடித்து இழுக்காத குறையாக நோட்டரியிடம் அழைத்துக்கொண்டு போனாள். மகளுக்கு இதெல்லாம் மிகையாகத் தெரிந்தது. "அம்மா, நீ பண்ணின நூறு வேலை நல்லபடியா முடிஞ்சுதே, அத நினையேன்" என்பாள். நூறு பேரின் முகமும் செல்லுமக்காவுக்கு ஞாபகம் இல்லை. பேனாவை மூடிய ஒரு கைதான் ஞாபகம் இருந்தது.

ஆறு வருடம் கழித்து, ஒரு நாள் காலையில் கணவர் செய்தித்தாளோடு அடுப்படிக்கு வந்தார்.

"சட்டத்தைத் திருத்திட்டாங்க. இனிமே உயிலையும் கணினியில எழுதலாமாம். ரெண்டு சாட்சி வீடியோவுல இருக்கணுமாம்."

"எப்பலேர்ந்து?"

"வர்ற மாசம் ஒண்ணாம் தேதி."

"பழசுக்கு?"

அவர் தாளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். "பழசுக்குப் பொருந்தாதுன்னு போட்டிருக்கு."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. சலவைப் பிரிவு கட்டடத்தின் பின்பக்கம், அடித்தளத்தில். நீராவியும் சோப்பு வாடையும். நீண்ட மேசைக்கு எதிரில் சின்னவள் வெளுத்த படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். முன்நெற்றி முடி நரைத்திருந்தது. இவளைப் பார்த்ததும், "வாங்கக்கா" என்றாள்.

"சட்டத்தை மாத்திட்டாங்களாம். உயிலுக்கும் இப்ப..."

"பேப்பர்ல பாத்தேன்க்கா. நல்லதுதான். இனிமே யாருக்காவது உதவும்."

மன்னிப்பு என்ற சொல் வாய் வரை வந்தது. அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவளிடம் மறுபடி எடுத்துவைக்க மனம் வரவில்லை.

"கூட மடிக்கிறவ இன்னிக்கு லீவு" என்றாள் சின்னவள். "ஒத்தையா மடிச்சா தரையில படுது. அந்த முனையைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா?"

செல்லுமக்கா பையை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்தாள். இருவரும் உதறி, இழுத்து, நடுவில் வந்து சேர்த்து மடித்தார்கள். பிறகு அடுத்தது. மூன்று மணிக்கு ஷிப்ட் மாறும் மணி அடிக்கும் வரை இருபது விரிப்பாவது மடித்திருப்பார்கள். அடுத்த ஷிப்ட் பெண்கள் பேசிக்கொண்டே உள்ளே வந்ததும், சின்னவள் தலையாட்டிவிட்டுக் குடியிருப்புப் பக்கம் நடந்தாள். இவள் பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். கை முழுக்கச் சோப்பு வாடை. வந்த மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு, நான்காவதில்தான் ஏறினாள்.